சிரிப்பு மருந்தா? கடிதத்தின் கடைசி வரிகளுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 54, என் கணவருக்கு 59. எட்டு ஆண்டுகளாக அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மூன்று மாதங்களாகத் தினமும் காலையில் ஒரு சிரிப்புப் பயிற்சிக் குழுவுக்குப் போகிறார். போகத் தொடங்கியதிலிருந்து ஆள் உற்சாகமாக இருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அங்கே யாரோ, "தினமும் இருபது நிமிடம் வாய்விட்டுச் சிரித்தால் பிரஷர் மாத்திரையே தேவைப்படாது" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். சிரிப்புக்கு உண்மையிலேயே அவ்வளவு சக்தி உண்டா? ஒரு காரணமும் இல்லாமல் கூட்டமாக நின்று, வரவழைத்துச் சிரிக்கும் சிரிப்பால் உடம்புக்கு என்ன பயன்? என்னையும் வரச் சொல்லி அழைக்கிறார். நான் மறுத்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. அதனால் இரண்டு ஆண்டுகளாக வாய்விட்டுச் சிரிப்பதையே விட்டுவிட்டேன். வயதானால் இதெல்லாம் சகஜம்தானே?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கணவரின் மாத்திரையைப் பற்றியும் சிரிப்பின் சக்தியைப் பற்றியும் விரிவாகக் கேட்டுவிட்டு, உங்களைப் பற்றிய செய்தியைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்து முடித்தபோது என் மனம் அந்தக் கடைசி வரிகளில்தான் நின்றது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் உங்கள் கணவர் மாத்திரையை நிறுத்தும் யோசனையில் இருப்பதால், அவசரம் கருதி அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் தொடர்ந்து சாப்பிட வேண்டும்.

இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே உயர்ந்து நிற்கும். தலைவலி இல்லை, தலைசுற்றல் இல்லை, உடம்பு லேசாக இருக்கிறது என்பதையெல்லாம் வைத்து அழுத்தம் குறைந்துவிட்டதாக முடிவு கட்ட முடியாது. எட்டு ஆண்டுகளாக அவருடைய மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகங்களுக்கும் காவலாக இருந்து வருவது அந்த மாத்திரை. அழுத்தம் சரியான அளவில் இருக்கிறது என்றால் மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். நிறுத்தினால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது பழைய இடத்துக்கு ஏறிவிடுவதே வழக்கம். அதிலும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளையும் குளோனிடின் போன்றவற்றையும் திடீரென்று நிறுத்தினால் இதயத்துடிப்பும் அழுத்தமும் எகிறி ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடும். அவர் சாப்பிடுவது எந்த வகை என்பதை அவருடைய மருத்துவர் அறிவார். எனவே குறைப்பதோ நிறுத்துவதோ அந்த மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டும்.

உரக்கச் சிரிக்கும் அந்த நேரத்தில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயர்கின்றன என்பதையும், சிரித்து ஓய்ந்து உடல் தளரும்போது அவை இறங்குகின்றன என்பதையும் உங்கள் கணவர் தெரிந்துகொள்வது நல்லது. அந்த இறக்கம் இனிமையானது, ஆனால் சிறிது நேரமே நிற்பது. இரவும் பகலுமாக 24 மணி நேரமும் நடக்க வேண்டிய ஒரு வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

இருந்தாலும் அவருடைய ஆசையில் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. காலையில் எழுந்து நடந்து, உப்பைக் குறைத்து, எடையைக் குறைத்து, மனத்தையும் இளக்கமாக வைத்துக்கொண்டவர்களுக்கு மாத்திரையின் அளவை நானே குறைத்திருக்கிறேன். ஆகவே அவரோடு வாதிடுவதைவிட அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். காலையும் மாலையும் ஏழு நாள் அளந்து, ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டு அளவின் சராசரி 135/85-க்குத் தெளிவாகக் கீழே இருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், "அளவைக் குறைக்க முடியுமா?" என்று கேட்கட்டும். அது நல்ல கேள்வி. பயிற்சி முடிந்த கையோடு, சிரித்த முகத்தோடு அளந்த ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் கூடாது.

இனி, சிரிப்புக்கு என்ன சக்தி இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். "வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்ற பழமொழியை நம்முள் சொல்லிக் கேட்காதவர் இல்லை. அதில் எவ்வளவு உண்மை என்பதைச் சோதித்துப் பார்க்கும் முயற்சி கடந்த ஐம்பது ஆண்டுகளில் சூடு பிடித்ததற்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் முக்கியக் காரணம். நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கர் 1964-இல் முதுகெலும்பு மூட்டுகளை இறுக்கும் கடுமையான வலி நோயில் விழுந்தார். நகைச்சுவைப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று அவர் 1976-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அவர் மருத்துவர் ஒருவரைத் துணையாக வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தார். அதே நாட்களில் வைட்டமின் சி-யையும் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார். ஒரு தனி மனிதரின் அனுபவத்திலிருந்து எது எதனால் குணமாயிற்று என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வலி குறைந்தது என்று அவர் சொன்னதை ஆராய்ச்சியாளர்கள் காற்றில் விட்டுவிடவில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், சிலரை ஒன்றாக உட்கார வைத்து நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும், உறைந்த குளிர்ப் பையைக் கையில் சுற்றியோ, இரத்த அழுத்தம் அளக்கும் பட்டையை இறுக்கியோ, "போதும்" என்று சொல்லும்வரை எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் எல்லை உயர்ந்திருந்தது. வெறுமனே மகிழ்ச்சி தரும் காட்சிகளைப் பார்த்து அமைதியாக இருந்தவர்களுக்கு அது உயரவில்லை. உடலே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலிநிவாரணிதான் காரணமாக இருக்கும் என்று அவர்கள் ஊகித்தார்கள். பின்லாந்தின் துர்க்கு நகரில் செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 ஆண்களை நெருங்கிய நண்பர்களோடு சேர்த்துச் சிரிக்க விட்டு, பிறகு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, அந்த வகை இரசாயனங்கள் உண்மையிலேயே வெளிப்பட்டிருப்பது தெரிந்தது.

இரத்தக் குழாய்களைப் பற்றியும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் இதய மருத்துவர் மைக்கேல் மில்லர் 2005-இல், ஆரோக்கியமான 20 பேருக்கு ஒரு நாள் சிரிப்புக் காட்சியையும் இன்னொரு நாள் மனத்தைக் கலக்கும் காட்சியையும் காட்டி, கையின் தமனியில் இரத்த ஓட்டத்தை அளந்தார். சிரிப்புக்குப் பின் அது சராசரியாக 22 சதவீதம் கூடியது. கலக்கத்துக்குப் பின் 35 சதவீதம் குறைந்தது. மன அழுத்தத்தின்போது உயரும் கார்டிசால் என்ற ஹார்மோனைப் பற்றி, எட்டு ஆய்வுகளில் இருந்த 315 பேரின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2023-இல் வந்தது. இயல்பாகச் சிரித்தவர்களுக்கு அது மற்றவர்களைவிட ஏறக்குறைய 32 சதவீதம் அதிகமாகக் குறைந்திருந்தது.

இந்த எண்களைச் சொல்லும்போது ஒரு மருத்துவனாக எனக்கு மகிழ்ச்சியும் எச்சரிக்கையும் ஒருசேர வருகின்றன. இவை எல்லாம் சிறிய எண்ணிக்கையில், குறுகிய நேரத்துக்குச் செய்யப்பட்டவை. சிரிப்பு உடலில் ஏதோ நல்லது செய்கிறது என்று இவை காட்டுகின்றன. நாள்பட்ட நோயை அது தீர்க்கிறது என்று காட்டவில்லை. இதய நோய் உள்ளவர்கள் அன்றாடச் சூழ்நிலைகளில் சிரிப்பது அதே வயதுடைய ஆரோக்கியமானவர்களைவிட 40 சதவீதம் குறைவு என்று மில்லரின் குழுவே முன்னொரு கணக்கெடுப்பில் கண்டது. சிரிக்காததால் இதய நோய் வந்ததா, இதய நோய் வந்ததால் சிரிப்பு போயிற்றா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. என் நோயாளிகளிடம் இரண்டையும் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சிரித்தால் எடை குறையும் என்று யாராவது சொன்னால் அதையும் அளவோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் உண்மையாகச் சிரித்தால் செலவாவது 10 முதல் 40 கலோரிதான்.

வரவழைத்துச் சிரிக்கும் சிரிப்பு செயற்கையாகத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 1862-இலேயே துஷேன் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர், உள்ளத்திலிருந்து வரும் புன்னகையில் உதட்டோரத்தை உயர்த்தும் தசையோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்குகிறது, மரியாதைக்குச் சிரிக்கும்போது பெரும்பாலும் உதடு மட்டும் விரிகிறது என்று காட்டினார். மூளையிலும் இரண்டுக்கும் பாதைகள் வேறு. பக்கவாதம் வந்த சிலரிடம் "சிரித்துக் காட்டுங்கள்" என்றால் வாய் ஒரு பக்கம் கோணும். அடுத்த நிமிடம் பேரனோ பேத்தியோ ஓடி வந்து எதையாவது சொன்னால் அதே முகம் இரு பக்கமும் சமமாக மலரும். வார்டில் முதன்முறை அதைக் கண்ட அன்று, கேட்டு வரும் சிரிப்பும் தானாக வரும் சிரிப்பும் ஒன்றல்ல என்பது எனக்குப் பாடப்புத்தகத்தைவிட ஆழமாகப் பதிந்தது.

அப்படியானால் உங்கள் கணவரின் பயிற்சி வீணா என்றால், இல்லை. சிரிப்பு தொற்றிக்கொள்வது. 1995-இல் மும்பையில் மருத்துவர் மதன் கட்டாரியா ஐந்தே பேரோடு ஒரு பூங்காவில் தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் நடக்கும் இத்தகைய குழுக்களின் ஆரம்பம். முதலில் அங்கே நகைச்சுவைத் துணுக்குகள்தான் சொல்லப்பட்டன. அவை தீர்ந்துபோகவே, காரணமில்லாமல் சிரிப்பதையே பயிற்சியாக்கினார்கள். "ஹோ ஹோ, ஹா ஹா" என்று கூச்சத்தோடு தொடங்குகிறவர், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்ததும் சற்று நேரத்தில் உண்மையாகவே சிரித்துவிடுகிறார். வரவழைத்த சிரிப்பு அங்கே ஒரு நெம்புகோல் மாதிரி. அசைத்துவிட்டால் போதும், பிறகு தானாக வரும். அது இல்லாவிட்டாலும், மூச்சை நீளமாக வெளியே தள்ளுவதும் வயிறு, விலா, உதரவிதானம் எல்லாம் இயங்குவதும் உடலுக்கு நல்ல அசைவுதான்.

ஆனால் உங்கள் கணவரிடம் நீங்கள் காணும் உற்சாகத்துக்குக் காரணம் இதைவிட எளியது என்று நான் நம்புகிறேன். மேரிலாந்தில் இன்னொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ப்ரோவைன் என்ற நரம்பியல் அறிஞர், ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, மக்கள் எங்கே, எப்போது சிரிக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுக் குறித்துவைத்தவர். அவர் குறித்த 1,200 சிரிப்புகளில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை மிகக் குறைவு, பெரும்பாலானவை "அப்ப நான் கிளம்பட்டுமா?", "நீங்களும் இங்கேதானா?" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின் வந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும் அவர் கண்டார். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் விடையே இதற்குள்தான் இருக்கிறது. நாம் சிரிப்பது விஷயம் வேடிக்கையாக இருக்கிறது என்பதால் மட்டும் இல்லை, எதிரே ஓர் ஆள் இருக்கிறார் என்பதால். சிரிப்பு வேண்டும் என்றால் தேட வேண்டியது துணுக்குகளை அல்ல, ஆட்களை. உங்கள் கணவர் மூன்று மாதமாகத் தினமும் காலையில் எழுந்து, உடை மாற்றி, வெயில் ஏறுமுன் நடந்து போய், தன்னை எதிர்பார்த்து நிற்கும் நாலு பேரைச் சந்தித்துவிட்டு வருகிறார். அவர் வாங்கி வருவது அதைத்தான். அதைத் தொடரட்டும், மாத்திரையோடு.

எல்லோரும் எல்லா நாளும் பலமாகச் சிரிக்கலாமா என்றால், சில நேரம் கவனம் தேவை. வயிற்றிலோ நெஞ்சிலோ கண்ணிலோ அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயிற்சியாகச் சிரிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிரிப்பே இருமலையும் இளைப்பையும் கிளப்பிவிடுவது உண்டு. அது நிகழ்ந்தால் ஆஸ்துமா சரியான கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு சிகிச்சையைச் சரிசெய்ய வேண்டும். பலமாகச் சிரிக்கும்போது மயங்கி விழுகிறவர்களும், முழங்கால் துவண்டு சரிகிறவர்களும் அரிதாக உண்டு. அவர்களைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது.

இப்போது உங்கள் கடைசி வரிகளுக்கு வருகிறேன்.

சிரிக்கும்போது, இருமும்போது, தும்மும்போது, கனமான பொருளைத் தூக்கும்போது சிறுநீர் கசிவது பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. நீங்கள் தனியாள் இல்லை. பரவலாக இருக்கிறது என்பது வேறு, சகித்துக்கொள்ள வேண்டியது என்பது வேறு. "வயதானால் சகஜம்தானே" என்று நீங்கள் கேட்டதில் முதல் பாதியைக்கூட நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வயதில் பிரசவத்துக்குப் பின் இதே தொல்லையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள், எண்பதிலும் இது இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். இது சிகிச்சைக்கு வசப்படும் ஒரு குறை.

சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் அடியிலிருந்து ஓர் ஊஞ்சல் போலத் தாங்கி நிற்கும் தசைகள் இருக்கின்றன. அவற்றை இடுப்புத் தளத் தசைகள் என்கிறோம். சிறுநீர் வெளியேறும் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. சிரிப்பு என்பது விட்டு விட்டு வரும் வேகமான மூச்சுத் தள்ளல். ஒவ்வொரு "ஹா"வுக்கும் வயிற்றுத் தசைகள் வெடுக்கென்று சுருங்கி, வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை உயர்த்திச் சிறுநீர்ப்பையை மேலிருந்து அமுக்குகின்றன. அடியில் தாங்கும் தசைகள் வலுவாக இருந்தால் ஒன்றும் தெரியாது. பிரசவங்களாலும், மாதவிடாய் நின்றபின் திசுக்கள் மெலிவதாலும், உடல் பருமனாலும், நாள்பட்ட இருமலாலும், மலச்சிக்கலில் முக்கி முக்கியும் அவை தளர்ந்திருந்தால், அந்த நொடியில் பிடி நழுவிவிடுகிறது.

இந்தத் தொல்லை உள்ளவர்கள் ஆலோசனை அறைக்கு வந்து சர்க்கரையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்து கதவு வரை போய், கைப்பிடியில் கையை வைத்தபடி திரும்பி நின்று இதைச் சொல்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாலு பேர் கூடும் இடத்துக்குப் போனால் முதலில் கழிவறை எங்கே என்று பார்ப்பார்கள். கருநிறப் புடவையாகத் தேடி உடுத்துவார்கள். யாராவது சிரிப்பு மூட்டினால் காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு உதட்டைக் கடிப்பார்கள். பிறகு போவதையே குறைத்துக்கொள்வார்கள். நீங்கள் கணவரிடம் "வரவில்லை" என்று சொன்னது அந்தச் சிரிப்பு செயற்கையாக இருக்கிறது என்பதற்காக மட்டும்தானா என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளாகச் சிரிப்பை அடக்கி வந்ததில், சிரிப்போடு சேர்த்து எத்தனை பேரைச் சந்திக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை.

செய்ய வேண்டியது இதுதான். முதலில், காற்று பிரிவதை அடக்குவது போல ஆசனவாயைச் சுற்றி உள்ள தசையை மேல்நோக்கி உள்ளிழுத்துப் பாருங்கள். அதோடு சேர்த்துச் சிறுநீரை அடக்குவது போல முன்பக்கமும் இழுத்துப் பிடியுங்கள். அதுதான் நாம் பழக்க வேண்டிய தசை. தொடை, பிட்டம், வயிறு எதுவும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. மூச்சை இயல்பாக விட்டபடி ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி முழுதாகத் தளர்த்துங்கள். பிடித்து வைப்பதைப் போலவே தளர்த்துவதும் முக்கியம். இப்படி எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பழகப் பழகப் பத்து விநாடி வரை நீட்டலாம். ஒவ்வொரு வேளையும் முடிவில் சட்டென்று இறுக்கி, சட்டென்று விடுவதைப் பத்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பும் தும்மலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை ஆகையால் தசைக்கு அந்த வேகமும் வேண்டும். 1948-இல் அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் இதைப் பரப்பியதால் கெகல் பயிற்சி என்று பெயர் பெற்றது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யச் சிலர் சொல்வார்கள். அதை வழக்கமாக்காதீர்கள், சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் போய்விடும்.

இந்தப் பயிற்சி இரண்டு வாரத்தில் பலன் தராது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். முதல் மாதத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் நான் உங்களிடம் பிடிவாதமாக இருக்கச் சொல்கிறேன். பல் துலக்கும்போது, சமைத்துக்கொண்டிருக்கும்போது, படுக்கையில் என்று மூன்று வேளையை வேறு வேலைகளோடு முடிந்துவைத்தால் மறக்காது. இவற்றோடு உடனே கைகொடுக்கும் உத்தி ஒன்றும் உண்டு. தும்மலோ சிரிப்போ வரப்போகிறது என்று தெரிந்த அந்தக் கணத்தில், அது வருவதற்கு முன்பே தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருக்கும். நாளடைவில் கண் இமைப்பது போலத் தானாக வந்துவிடும்.

தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் கசிவு குறையும் என்று எண்ணிப் பலர் நாள் முழுக்கத் தொண்டை வறள இருக்கிறார்கள். அதனால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் மலச்சிக்கலும்தான் கூடும். எடை கூடுதலாக இருந்தால் மொத்த உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே கசிவில் நல்ல மாற்றம் தெரியும். நீங்களும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். சில வகை மாத்திரைகள் வறட்டு இருமலைத் தரும், வேறு சில சிறுநீர் வெளியேறும் குழாயின் பிடியையே தளர்த்தும், இரண்டுமே கசிவைக் கூட்டக்கூடியவை.

பயிற்சியை வீட்டில் தொடங்கிவிடலாம் என்றாலும், ஒருமுறை மகளிர் மருத்துவரையோ சிறுநீரியல் மருத்துவரையோ (யூராலஜிஸ்ட்) பார்த்துவிடுங்கள். சிறுநீரில் தொற்றோ சர்க்கரையோ இருக்கிறதா, கருப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கியிருக்கிறதா என்று அவர் சோதிப்பார். சரியான தசையைத்தான் இறுக்குகிறீர்களா என்பதையும் சொல்வார், ஏனெனில் தாமாகச் செய்கிறவர்களில் பலர் இழுப்பதற்குப் பதிலாக முக்குகிறார்கள். சிறுநீரில் இரத்தம், எரிச்சல், அடக்க முடியாத அவசரம், கீழே ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கால்களோ உட்காரும் பகுதியோ மரத்துப்போவதும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் போதவில்லை என்றால், உள்ளே பொருத்திக்கொள்ளும் சிலிகோன் வளையத்திலிருந்து அறுவை சிகிச்சை வரை அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன.

இன்னும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் சிரிப்பதை விட்டது கசிவுக்குப் பயந்துதான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நம்புகிறேன். ஆனாலும் முன்பு பிடித்திருந்த எதுவுமே இப்போது பிடிக்காமல், தூக்கமும் பசியும் குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே கிடந்தால், அது மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம். அந்த நிலையில் இருப்பவரிடம் "சிரி, சரியாகிவிடும்" என்று சொல்வது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். அதற்கு வேறு மருத்துவம் இருக்கிறது, அது பலனளிக்கிறது. உங்களுக்கு அப்படி இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு இந்தச் செய்தி தெரியாது என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தால் அவர் திரும்பத் திரும்ப அழைத்து உங்களைச் சங்கடப்படுத்த மாட்டார். சொல்லிவிடுங்கள். அவருடைய மாத்திரை உங்கள் கவலையாக இருப்பது போல, இது அவருக்கும் தெரிந்த கவலையாக இருக்கட்டும். அவர் அழுத்தத்தை அளந்து எழுதும் அதே தாளின் மறுபக்கத்தில் நீங்கள் மூன்று வேளைப் பயிற்சியைக் குறித்துவைக்கலாம்.

மூன்று மாதம் முடியும்வரை அவருடன் போகாமல் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நாளைக் காலையிலேயே போகலாம். புறப்படும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, இதற்கென்றே கிடைக்கும் பேட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்கு வைப்பதைவிட இது ஈரத்தை நன்றாக உறிஞ்சும், வாடையும் தெரியாது. அங்கே ஓரமாக ஓர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். அவர்களோடு சேர்ந்து "ஹோ ஹோ" சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. யாராவது ஒருவருடைய முகத்தைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வந்தால், தசையை இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடிக்காமல் சிரித்துவிடுங்கள்.